ஹெபடைடிஸ் சி வைரஸ் மேவ்ஸ் புரதத்தை வெட்டுவதை ஆய்வகத்தில் காட்டுவது எப்படி?

ஹெபடைடிஸ் சி வைரஸின் ஆர்.என்.ஏ. கல்லீரல் செல்லுக்குள் வந்ததும் ரிக்-ஐ புரதம் அதைக் கண்டுகொண்டு, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பதிந்துள்ள மேவ்ஸ் புரதத்துக்குத் தெரிவிக்கும். வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் பீட்டா சுரப்பதற்கான சமிக்ஞை அங்கிருந்தே கிளம்புகிறது. வைரஸின் என்.எஸ்.3/4ஏ புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி), 540 அமினோ அமிலம் கொண்ட மேவ்ஸை 508-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீனில் வெட்டுகிறது. சவ்வில் ஊன்றியிருந்த வால்பகுதி அறுந்துவிடுவதால் மேவ்ஸ் விடுபட்டுப் போகிறது, சமிக்ஞையும் நின்றுவிடுகிறது. இதைக் காட்ட ஹெபடைடிஸ் சி வைரஸே வேண்டியதில்லை. புரோட்டியேஸின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்ட டி.என்.ஏ.) போதும்.

முதலில் செல்லைச் சரிபாருங்கள். ஹூ-7 என்ற கல்லீரல் புற்றுச் செல்லில் ரிக்-ஐ வேலை செய்யும். அதிலிருந்து உருவான ஹூ-7.5 செல்லில் ரிக்-ஐயின் 55-ஆம் திரியோனின் ஐசோலூசினாக மாறியிருப்பதால் வேலை செய்யாது. ஹெபடைடிஸ் சி வைரஸ் இதில் நன்றாக வளரும் என்பதால் பல ஆய்வகங்களில் இரண்டுமே இருக்கும். குப்பி மாறிப்போவதும் சகஜம். ஹூ-7.5-இல் இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாக் கிணறுகளிலும் சமிக்ஞை தாழ்ந்தே இருக்கும், புரோட்டியேஸ்தான் அடக்கிவிட்டது என்று தோன்றும். புரோட்டியேஸ் இல்லாத கிணற்றில், ரிக்-ஐயைத் தூண்டும் சென்டாய் வைரஸ் சேர்த்ததும் சமிக்ஞை 10 மடங்காவது ஏறாவிட்டால் மேற்கொண்டு போக வேண்டாம்.

24 கிணறு தட்டில் கிணற்றுக்கு 80,000 செல் விதையுங்கள். மறுநாள் ஒவ்வொரு கிணற்றிலும் மொத்தம் 400 நானோகிராம் டி.என்.ஏ.வை டிரான்ஸ்ஃபெக்ட் செய்யுங்கள் (செல்லுக்குள் செலுத்துங்கள்): இன்டர்ஃபெரான் பீட்டா புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி) கொண்ட ஃபயர்ஃபிளை லூசிஃபெரேஸ் (சமிக்ஞையை ஒளியாகக் காட்டும் நொதி) 100, ரெனில்லா (ஒப்பீட்டுக்கான இன்னொரு ஒளி நொதி) 10, புரோட்டியேஸ் 0, 50 அல்லது 200, மீதிக்கு வெற்றுப் பிளாஸ்மிட். மொத்த அளவு கிணற்றுக்குக் கிணறு மாறினால் டிரான்ஸ்ஃபெக்ஷன் திறனும் மாறும், ஒப்பீடு கெடும். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று கிணறு வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மில்லிலிட்டருக்கு 100 ஹெச்.ஏ. (ஹீமக்ளூட்டினேஷன்) அலகு சென்டாய் வைரஸ் சேருங்கள். 16 மணி நேரத்துக்குப் பின் 100 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபரில் செல்களை உடைத்து, 20 மைக்ரோலிட்டரை அளந்து, ஃபயர்ஃபிளை அளவை ரெனில்லா அளவால் வகுங்கள்.

சமிக்ஞை இறங்கினால் மட்டும் வெட்டு நடந்ததாகாது. அளவுக்கு மீறி உற்பத்தியான எந்தப் புரதமும் செல்லை வாட்டலாம். அதனால் 139-ஆம் செரினை அலனினாக மாற்றிய, வெட்டும் திறனற்ற புரோட்டியேஸை இணையாக வையுங்கள். இதில் சமிக்ஞை குறையக் கூடாது. இன்னொரு கிணற்றில் 508-ஆம் சிஸ்டீனுக்குப் பதில் ஆர்ஜினின் வைத்த மேவ்ஸைக் கொடுங்கள். இதைப் புரோட்டியேஸ் வெட்ட முடியாது, ஆகவே சமிக்ஞை நீடிக்க வேண்டும். மேவ்ஸ் மிகுந்தாலே வைரஸ் இன்றியும் புரோமோட்டர் முடுக்கப்படும் என்பதால் இந்தக் கிணற்றில் சென்டாய் வேண்டாம்.

நேரடிச் சான்று, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் கிடைக்கும். முழு மேவ்ஸ் 75 கிலோடால்டன் அருகே தெரியும். வெட்டுண்டது 32 அமினோ அமிலமே குறைந்தது, எனவே இரண்டு பட்டைகளும் நெருக்கமாக நிற்கும். 8 சதவீத ஜெல்லை நீண்ட நேரம் ஓட விடுங்கள். 50 கிலோடால்டன் அருகே உள்ள பட்டை மேவ்ஸின் இயல்பான சிறு வடிவம். வெட்டுத் துண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வால்பகுதியை மட்டும் பற்றும் ஆன்டிபாடி வெட்டுண்ட மேவ்ஸைக் காட்டாது. செல்களை மென்மையான பஃபரில் உடைத்து வைத்தால் குழாயிலேயே வெட்டு தொடரக்கூடும், ஆகவே புரதங்களின் வடிவைக் குலைக்கும் சூடான எஸ்.டி.எஸ். பஃபரில் நேரடியாக உடைத்து 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள்.

கிராசோபிரெவிர் போன்ற புரோட்டியேஸ் தடுப்பானால் சரிபார்ப்பதானால் டிரான்ஸ்ஃபெக்ஷன் நேரத்திலேயே சேருங்கள். வெட்டுண்ட மேவ்ஸ் மறுபடி ஒட்டாது.

ஹெபடைடிஸ் ஏ வைரஸும் மேவ்ஸைத்தான் வெட்டுகிறது. ஆனால் 3ஏபிசி என்ற புரதத்தால், 428-ஆம் இடத்தில். அதற்கு இதே முறை பொருந்தும், துண்டின் அளவு மட்டும் வேறு. ஹெபடைடிஸ் பி-க்கு இதை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். அதன் எக்ஸ் புரதம், வைரஸ் டி.என்.ஏ.வை அடக்கும் எஸ்.எம்.சி.5/6 தொகுப்பை டி.டி.பி.1 வழியாகச் சிதைக்க வைக்கிறது என்பது 2016-இல் வெளியானது. அங்கே எஸ்.எம்.சி.6 பட்டை மறைகிறதா என்று பாருங்கள்.