லடாக்குக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் தேவகோட்டைத் தம்பி ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணே, முதல் தடவையா பதினாறு பேரை லடாக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். திட்டம் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க." பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் நாள் காலை விமானத்தில் லே, மாலையே சாந்தி ஸ்தூபி. இரண்டாம் நாள் பாங்காங் ஏரி, இரவு அங்கேயே கூடாரம். காரைக்குடியிலிருந்து முதன்முதலாக ஆள் சேர்த்துப் போனபோது நான் போட்ட அதே திட்டம்.

ஸ்வெட்டர், கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குப் பூசும் களிம்பு பற்றியெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

லேயில் இறங்கிய கையோடு கிளம்புவது

காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து 300 அடி உயரம்கூட இல்லை. லே சுமார் 11,500 அடி. நம் ஊரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். டெல்லியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். உடம்பு அவ்வளவு வேகத்தில் பழகாது.

இதில் ஆபத்தே, இறங்கியவுடன் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான். வெயில் பளிச்சென்று இருக்கும், எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். தலைவலியும் குமட்டலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள், "ரூமில் படுத்துக் கிடக்கவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நானும் அந்தக் கேள்விக்கு அன்றைக்கு வளைந்துகொடுத்தேன். பதினாலு பேருக்கு இரண்டு இரவு ஹோட்டல் வாடகை மிச்சம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டதும் உண்மை.

அந்தக் குழுவில் ஐம்பத்தெட்டு வயது அண்ணன் ஒருவர் இருந்தார். வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர். "பழனி நடக்கிற காலுக்கு இது எம்மாத்திரம்?" என்றார். நானும் நம்பினேன். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருபத்தைந்து வயது ஜிம் பையன் படுத்துவிடுவான், எழுபது வயது ஆச்சி நன்றாக இருப்பார். யாருக்கு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் பாங்காங். கிட்டத்தட்ட 14,000 அடி. சாயங்காலமே அண்ணனுக்கு வறட்டு இருமல். சளி என்று நினைத்துக் காய்ச்சல் மாத்திரையும் வெந்நீரும் கொடுத்தேன். நள்ளிரவில் அவருடைய மனைவி, ஆச்சி, வந்து எழுப்பினார். கூடாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், அண்ணன் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். நகக்கண் நீலம் பாரித்திருந்தது. அப்போதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விடியட்டும், பார்க்கலாம் என்று. லடாக்கி டிரைவர்தான் அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

இதற்கு முதல் வைத்தியம் கீழே இறக்குவது. ஆனால் பாங்காங்கிலிருந்து லேக்கு இறங்க வேண்டுமானால் முதலில் சாங் லா கணவாய்க்கு ஏற வேண்டும். அது 17,500 அடிக்கும் மேல். மூச்சுக்குத் தவிக்கிறவரை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு போய்த்தான் கீழே இறக்க முடியும். போனில் சிக்னல் இல்லை. டிரைவர் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை மூக்கில் பிடித்தபடி விடியும்வரை ஓட்டினோம். லே ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பிழைத்துக்கொண்டார். குழுவில் மற்றவர்களின் பயணமும் அங்கேயே முடிந்தது; டிக்கெட்டை மாற்றியதில் நான் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு போயிற்று. காசு போனதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆச்சி என்னிடம், "தம்பி, ரெண்டு நாள் சும்மா இருந்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் அப்படியொரு திட்டத்தைத் தாளில் பார்த்தால் அந்தக் குரல்தான் கேட்கிறது.

சரியான திட்டம் இதுதான்: லேயில் மூன்று இரவு. முதல் நாள் அறையை விட்டு வெளியே வரவே வேண்டாம். இரண்டாம் நாள் கடைத்தெருவரை மெதுவான நடை. அப்புறம் நூப்ரா பள்ளத்தாக்கு, கடைசியாகத்தான் பாங்காங். நூப்ராவுக்குக் கர்துங் லா கணவாயைத் தாண்ட வேண்டும் என்றாலும், தூங்கப்போகும் ஹுண்டர் லேயைவிடத் தாழ்ந்த இடம், சுமார் 10,000 அடி. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் தலை சாய்க்கிறோம் என்பதுதான் முக்கியம். கணவாயில் போட்டோ எடுக்கக் கால் மணி நேரம், அதற்கு மேல் நிற்க விடாதீர்கள்.

"சாலை வழியே போனால் தானாகப் பழகிவிடும்"

ஸ்ரீநகர் வழியே போனால் ஓரளவு சரி; இரவு தங்கும் கார்கில் 9,000 அடிக்குள்தான். மணாலி வழியில் பலர் சர்ச்சுவில் தங்குகிறார்கள். அது கிட்டத்தட்ட 14,000 அடி. பழகுவதற்கு முன்பே அங்கே தூங்கவைப்பதும் நான் செய்த தவறும் ஒன்றுதான்.

டயமாக்ஸ் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பது

டயமாக்ஸ் மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்குக் கைகொடுக்கும். ஓய்வுக்குப் பதில் ஆகாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் குழுவில் இருக்கலாம். கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் அவரவர் டாக்டரிடம் அனுப்புங்கள். கையில் வைத்திருக்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிஷத்துக்குத்தான் வரும்.

எல்லோரையும் சேர்த்து நலம் விசாரிப்பது

வண்டியில் ஏறி நின்று, "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால், "நல்லாருக்கோம்" என்றுதான் பதில் வரும். தன்னால் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று தலைவலியை மறைப்பார்கள், குறிப்பாக வீட்டுப் பெரியவர்கள். காலையில் ஒவ்வொருவராகத் தனியே பாருங்கள். தூங்கினீர்களா, சாப்பாடு இறங்குகிறதா, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். ஒரு ஆச்சி தட்டில் தேன்குழலைத் தொடாமல் வைத்திருந்ததைப் பார்த்துத்தான் ஒருமுறை கண்டுபிடித்தேன். அன்றைய பயணத்தை நிறுத்தி அவரோடு லேயிலேயே இருந்தேன்.

ப்ரீபெய்டு சிம்

நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குக்கர் இல்லாமல் சமையல்காரரைக் கூட்டிப்போவது

லேயில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பானையில் சோறு சரியாக வேகாது.

திரும்பும் விமானத்தை ஒட்டி ரயில் பிடிப்பது

மேகம் இறங்கினால் லே விமானம் ரத்தாகும். டெல்லியில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். தம்பியின் தாளில் அதுவும் இல்லை. மூன்று நாள் கூட்டி எழுதிக் கொடுத்தேன். ஆளுக்கு எவ்வளவு ஏறும் என்று கேட்டார், உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.