ஸ்டெடிகேம் பேலன்ஸ்: அடியில் எடையைக் கூட்டுவதை முதலில் நிறுத்துங்கள்

ஷாட் ஆடினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கிம்பலை, அதாவது கைப்பிடியையும் நடுக்கம்பத்தையும் இணைக்கும் சுழல் மூட்டைத்தான். மோட்டார் இல்லாத ரிக்கில், அதாவது ஸ்டெடிகேம், கிளைட்கேம் மாதிரி மேலே கேமரா, நடுவில் போஸ்ட் என்ற கம்பம், கீழே எடை என்று இருப்பவற்றில், கிம்பலுக்கு வேலை ரொம்பக் குறைவு. உங்கள் கை திரும்புவதும் சாய்வதும் போஸ்ட்டுக்குப் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். கேமராவை நேராக நிற்க வைப்பது எடை எங்கெங்கே இருக்கிறது என்பதுதான், அதனால் கிம்பலைக் கழற்றி நோண்டுவதற்கு முன்னால் எடையைப் பாருங்கள்.

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் பெரிய தவறு, கீழ்த் தட்டில் வெயிட்டை அடுக்கிக்கொண்டே போவது. அப்படிச் செய்தால் கேமரா உடனே நிமிர்ந்து நிற்கும், அதைப் பார்த்து பேலன்ஸ் ஆகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நடக்க ஆரம்பித்ததும் தெரியும் சேதி. நீங்கள் கிளம்பும்போது கிம்பல் முன்னால் போகும், கீழே இருக்கும் எடை பின்தங்கும், லென்ஸ் தரையைப் பார்க்கும். நின்றால் எடை முன்னால் வீசும், லென்ஸ் மேலே ஏறும். வளைவில் திரும்பினால் எடை வெளிப்பக்கம் போய் படமே சாய்ந்துவிடும். ஊஞ்சலில் கேமராவைக் கட்டிவிட்டு ஆடாதே என்று சொல்வது போலத்தான்.

இதை அளக்க ஒரு எளிய வழி உண்டு, டிராப் டைம் என்பார்கள். ரிக்கை ஸ்டாண்டில் மாட்டி, போஸ்ட்டைக் கிடையாகப் பிடித்து, தள்ளாமல் அப்படியே விடுங்கள் (கேமரா எதிலும் இடிக்காமல் இன்னொரு கை பக்கத்திலேயே இருக்கட்டும்). செங்குத்து நிலையைக் கடக்க அதற்கு 2 முதல் 3 விநாடி ஆக வேண்டும். ஒரு விநாடிக்குள் வந்துவிட்டால் அடிப்பாரம் அதிகம். கீழே வெயிட்டைக் குறையுங்கள், அல்லது கிம்பலைப் போஸ்ட்டில் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கிம்பல் ஈர்ப்பு மையத்தை நெருங்க நெருங்க விழும் வேகம் குறையும். இதில் பலர் திசையை மாற்றிப்போட்டுக் குழம்புகிறார்கள்: கிம்பலை மேலே ஏற்றினால் அடிப்பாரம் கூடும், குறையாது. கிம்பல் நகராத ரிக் என்றால் போஸ்ட்டின் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அதற்காக 5, 6 விநாடிக்கு இழுத்தும் வைக்காதீர்கள், ஆரம்பக் கட்டத்தில் ரிக் எந்தப் பக்கம் சாயலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கும்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் வெயிட்டைக் கூட்டுகிறார்கள்? அடிப்பாரம் பக்கவாட்டுப் பிழையை மறைத்துவிடும் என்பதால்தான். கேமரா தட்டில் அரை சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் கீழே இருக்கும் பாரம் அதை இழுத்துப் பிடித்துவிடும், பாரத்தைக் குறைத்தவுடன் அதே கேமரா பட்டென்று ஒரு பக்கம் சாயும், உடனே பயந்துபோய் வெயிட்டைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். சாய்ந்தால் கேமரா உட்கார்ந்திருக்கும் மேல் தட்டை நகர்த்துங்கள். முதலில் முன்பின், இடவலம் இரண்டையும் தோராயமாகச் சரிசெய்யுங்கள், அப்புறம் டிராப் டைம், அதன் பிறகு மறுபடியும் முன்பின், இடவலம். இந்தக் கடைசிச் சுற்றை விட்டுவிட்டு ஓடுபவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, முழுமையாகத் தயாராகாத கேமராவை பேலன்ஸ் செய்வது. லென்ஸ் மூடி, மெமரி கார்டு, மைக், ஃபில்டர், திறந்து வைக்கும் ஸ்கிரீன், எல்லாம் ஷூட்டில் இருக்கப்போகும் நிலையிலேயே இருக்கட்டும். ஜூம் செய்தால் நீளும் லென்ஸ் என்றால் எந்த ஃபோக்கல் லெங்த்தில் எடுக்கப்போகிறீர்களோ அதில் வைத்துச் செய்யுங்கள். பேட்டரி லொடலொடவென்று ஆடினாலோ பேஸ் பிளேட் இறுகாமல் இருந்தாலோ எத்தனை முறை செய்தாலும் நிற்காது. ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கேபிள் தொங்கினால் அதுவும் இழுக்கும்.

நின்ற இடத்தில் அழகாக நிற்கிறது, வேகமாக பேன் செய்தால் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால்) மட்டும் தள்ளாடுகிறது என்றால் அது டைனமிக் பேலன்ஸ் கோளாறு. மேலே கேமரா, கீழே மானிட்டர், பேட்டரி, இந்த மூன்றும் போஸ்ட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது. மானிட்டர் முன்னாலும் பேட்டரி பின்னாலும் இருக்கும் வழக்கமான அமைப்பில் கேமராவின் ஈர்ப்பு மையம் போஸ்ட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும், நேர் மேலே அல்ல. பேட்டரியைக் கொஞ்சம் உள்ளே வெளியே நகர்த்தி, முன்பின் பேலன்ஸை மீண்டும் பிடித்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பொறுமை வேண்டிய வேலை, வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதெல்லாம் முடிந்தும் சந்தேகம் இருந்தால்தான் கிம்பல். கைப்பிடியை அசைக்காமல் ரிக்கை மட்டும் 180 டிகிரி மெதுவாகத் திருப்பி விடுங்கள். முன்பு நேராக நின்றது இப்போது சாய்கிறது என்றால் கிம்பல் போஸ்ட்டின் மையத்தில் இல்லை. மையத்தை மாற்றும் ஸ்க்ரூ உள்ள கிம்பல் என்றால் சாய்வில் பாதியைக் கிம்பலிலும் மீதியைத் தட்டிலும் சரிசெய்து, திரும்பச் சோதியுங்கள். ஸ்க்ரூ இல்லாத மாடலில் பேரிங்கில் தூசி இருக்கிறதா, கிளாம்ப் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கெட்டியான கிரீஸும் வேண்டாம், சமையலறைத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், இரண்டுமே தூசியைப் பிடித்து வைத்து பேரிங்கை இன்னும் இறுக்கமாக்கும்.