படத்தில் இருப்பது ராக்லன் பிரபுதானா? சரிபார்க்கும் முறை

ரஷ்யாவுக்கு எதிராக 1853–56இல் நடந்த கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குக் களத்தில் தலைமை தாங்கிய ராக்லன் பிரபுவின் பெயரில் இணையத்திலும் ஏலத்திலும் ஏராளமான படங்கள் உலவுகின்றன. பெயரை நம்பாமல் முதலில் கையைப் பாருங்கள். 1815இல் வாட்டர்லூ போரில் அவர் வலது கையை இழந்தார். அதனால் நம்மை நேராகப் பார்த்து நிற்கும் படத்தில், நமக்கு இடப்பக்கம் தெரியும் கோட்டுக் கை வெறுமையாகத் தொங்க வேண்டும்.

இடது கை இல்லாவிட்டால்? அவசரப்பட்டுப் போலி என்று ஒதுக்காதீர்கள். அதே 1815இல் லின்யீ போரில் இடது கையை இழந்தவர் ஹார்டிங் பிரபு. கிரிமியப் போரின்போது லண்டனில் பிரிட்டிஷ் ராணுவம் முழுவதற்கும் தலைமைத் தளபதியாக இருந்தார். படம் அவருடையதாக இருக்கலாம், அல்லது ராக்லனின் படமே இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். லித்தோ எனப்படும் கல்லச்சில், கல்லின் மேல் படத்தை இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும்; நகலெடுப்பவர் அதை மறந்தால் படம் திரும்பிவிடும். வாளையும் பதக்கங்களையும் பாருங்கள். வாள் இடது இடுப்பிலும் பதக்கம் இடது மார்பிலும் இருந்தால் படம் நேரானது, ஆள் வேறு. அவையும் வலப்பக்கம் போயிருந்தால் படம்தான் திரும்பியிருக்கிறது. பொத்தான் வரிசையை நம்ப வேண்டாம். இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கோட்டு என்றால் அதை எந்தப் பக்கமும் மூடிக்கொள்ளலாம்.

அடுத்தது தேதி. ராக்லன் 1855 ஜூன் 28 அன்று இறந்தார். முற்றுகையிடப்பட்ட ரஷ்யக் கோட்டை நகரமான செவஸ்தபோல் விழுந்தது செப்டம்பரில்; அப்போது தளபதி ஜேம்ஸ் சிம்ப்சன். போர்க்காட்சிகளை வரைந்த ஓவியர் வில்லியம் சிம்ப்சன் வேறு ஆள். விற்பனைப் பட்டியல்களில் இருவரையும் குழப்புவது சகஜம். ராக்லனின் தலைமையகம், இறுதி ஊர்வலம் ஆகிய படங்களின் தலைப்பிலும் அவர் பெயர் வரும். அதை வைத்து அவர் உருவத்தைத் தேடாதீர்கள்.

வரைந்தவர் நேரில் பார்த்தாரா என்பதும் முக்கியம். வில்லியம் சிம்ப்சன் கிரிமியத் துறைமுகமான பாலக்லாவாவில் இறங்கியது 1854 நவம்பரில். அக்டோபர் 25இல் அங்கே நடந்த பிரிட்டிஷ் இலகு குதிரைப்படைத் தாக்குதலை அங்கிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டே வரைந்தார். ரோஜர் ஃபென்டன் 1855 ஜூன் வாக்கில் ராக்லன், துருக்கித் தளபதி ஒமர் பாஷா, பிரெஞ்சுத் தளபதி பெலிஸியே மூவரையும் நேரில் எடுத்த ஒளிப்படம் முகத்துக்குச் சிறந்த ஆதாரம். தளபதிகள் கூடி நிற்பதாகக் காட்டும் தாமஸ் ஜோன்ஸ் பார்க்கரின் பெரிய எண்ணெய் ஓவியத்தில் முகங்கள் ஃபென்டனின் படங்களிலிருந்து வந்தவை. தளபதிகள் அப்படிக் கூடி நின்றதற்கு அது சாட்சியல்ல.

கையில் இருப்பது சிம்ப்சனின் லித்தோ என்றால் அடி விளிம்பைப் படியுங்கள். ஓவியர், கல்லில் வரைந்தவர், அச்சிட்ட டே அண்ட் சன், வெளியிட்ட கோல்னாகி, 1855 அல்லது 1856 என்ற ஆண்டு இருக்க வேண்டும். விளிம்பை வெட்டியிருந்தால் இந்த ஆதாரமே போய்விடும். பத்து மடங்கு லென்ஸில் நிழல் பகுதியைப் பாருங்கள். கிரேயான் உரசியது போல ஒழுங்கற்ற மணிமணியாகத் தெரிந்தால் லித்தோ. வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் பிற்கால அச்சு. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது காகிதம் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. பின்னால் ஒட்டிய காகிதம் மட்டும் ஒளிரவும் கூடும்; முன்பக்கத்தைத் தனியே சோதியுங்கள். ஒளிராததாலேயே பழையது என்றும் முடிவு கட்ட முடியாது.

கடைசியாக, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் அதே படத்தின் பெரிய கோப்பை இறக்கி, கூடாரக் கயிறுகளையோ குதிரைக் கால்களையோ கோடு கோடாக ஒப்பிடுங்கள். ஒரே கல்லில் அச்சானவை அப்படியே பொருந்தும். மறுபடி வரைந்த நகல் அங்கேதான் பிசகும்.