உங்கள் தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள்? கணக்குப் பார்க்க உதவும் இலவசக் கருவிகள்

சமூக ஊடகத்துக்கும் தேடலுக்கும் உதவும் கருவிகள் என்று தேடினால் ஐம்பது, நூறு என்று பட்டியல்கள் வந்து விழும். பெரும்பாலும் பதிவு போட உதவுபவை, இல்லையென்றால் பதிவை அழகாக்குபவை. புதிதாகத் தளம் ஆரம்பித்தவருக்கு அவசரமாகத் தேவைப்படுவது வேறு. வருகிறவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்பது தெரியாத வரைக்கும், எந்தக் கருவிக்குக் காசு கட்டினாலும் அது பலன் தருகிறதா என்று சொல்ல வழியே இல்லை. அதனால் இந்தப் பதிவில் கணக்குப் பார்க்கும் கருவிகள் முதலில் வருகின்றன, பதிவு போடும் கருவிகள் கடைசியில்.

உங்களிடம் ஒரு தளமும் ஒரு கூகுள் கணக்கும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கூகுள் சர்ச் கன்சோல்

இதை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். கூகுள் தேடலில் எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் தென்பட்டது, எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்பதைக் கூகுளே சொல்லும் இடம் இது. 16 மாதத் தரவை வைத்திருக்கும். ஆனால் நீங்கள் சேர்ப்பதற்கு முந்தைய காலத்தின் கணக்கை எதிர்பார்க்க முடியாது. ஆறு மாதம் கழித்துச் சேர்த்தால் அந்த ஆறு மாதம் போனதுதான்.

உள்ளே போனதும் இரண்டு வழிகள் காட்டும்: ஒன்று டொமைன் (தளத்தின் பெயர் முழுவதும்), மற்றொன்று யுஆர்எல் ப்ரீஃபிக்ஸ் (குறிப்பிட்ட ஒரு முகவரித் தொடக்கம் மட்டும்). டொமைனையே எடுங்கள். இரண்டாவது வழியில் முகவரியின் முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இருப்பது ஒரு தளம், இல்லாதது வேறு தளம் என்று கணக்கு சிதறும்.

டொமைன் வழியில் ஒரு சங்கடம் உண்டு. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, கூகுள் கொடுக்கும் ஒரு வரியை டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் பெயருக்கான முகவரிப் பதிவேட்டில், டெக்ஸ்ட் ரெக்கார்டாக (வெறும் எழுத்துக் குறிப்பாக) சேர்க்க வேண்டும். புதியவர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், அந்த வரியை எங்கே சேர்ப்பது? டொமைன் வாங்கிய இடத்தில் என்றுதான் எல்லா விளக்கங்களிலும் இருக்கும். அது எப்போதும் சரியில்லை. டொமைனை ஓரிடத்தில் வாங்கி, நேம்சர்வரை (அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் கணினி) தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கோ க்ளவுட்ஃப்ளேர் போன்ற சேவைக்கோ மாற்றியிருந்தால், வாங்கிய இடத்தில் என்ன எழுதினாலும் உலகத்துக்குத் தெரியாது. நேம்சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ரெக்கார்டைச் சேர்க்க வேண்டும். அது எங்கே என்று பார்க்க, கூகுள் அட்மின் டூல்பாக்ஸில் டிக் என்ற கருவி இருக்கிறது. டொமைன் பெயரைக் கொடுத்து என்எஸ் என்பதைத் தட்டினால் நேம்சர்வர்களின் பெயர்கள் வரும். பெயரைப் பார்த்தாலே எந்த நிறுவனம் என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

அடுத்தது ஹோஸ்ட் அல்லது நேம் என்ற கட்டம். இதில் @ குறியைப் போடுங்கள், அல்லது காலியாக விடுங்கள். முழு டொமைன் பெயரையும் இங்கே தட்டினால், சில பேனல்கள் அதன் பின்னால் டொமைனைத் தாங்களாகவே இன்னொரு முறை ஒட்டிவிடும். ரெக்கார்டு சேர்ந்துவிட்டதாகத்தான் திரையில் தெரியும். ஆனால் அது யாருமே தேடாத ஒரு முகவரியில் உட்கார்ந்திருக்கும். சேர்த்தபின் டிக் கருவியில் டிஎக்ஸ்டி (டெக்ஸ்ட்) என்பதைத் தட்டிப் பாருங்கள். கூகுள் கொடுத்த வரி அங்கே தெரிந்தால் மட்டும் சர்ச் கன்சோலில் வெரிஃபை பொத்தானை அழுத்துங்கள். தெரியாவிட்டால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே டெக்ஸ்ட் ரெக்கார்டுகள் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். மின்னஞ்சலுக்கான எஸ்பிஎஃப் வரி (உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை அழித்தால் நீங்கள் அனுப்பும் மெயில்கள் ஸ்பாம் பெட்டிக்குப் போக ஆரம்பிக்கும். வெரிஃபை ஆனபிறகு கூகுளின் வரியையும் அழிக்கக் கூடாது. அவ்வப்போது அது இருக்கிறதா என்று கூகுள் திரும்பச் சரிபார்க்கும்.

சரி, இது முடிந்ததும் சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: இம்ப்ரெஷன் (தேடலில் தென்பட்டது) நிறைய, க்ளிக் மிகக் குறைவு, சராசரி இடம் 8இலிருந்து 20க்குள் இருக்கும் சொற்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பையும் முதல் பத்தியையும் அந்தச் சொல்லைத் தேடி வருகிறவருக்கு ஏற்றபடி திருத்தி எழுதுவது, புதுப் பதிவு எழுதுவதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

படி 2: கூகுள் அனலிட்டிக்ஸ்

தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுளின் கருவி இது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1இலிருந்து தரவு சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது இருப்பது ஜிஏ4. இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்களின் படங்கள் உங்கள் திரையோடு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். சேர்க்கும் முறை அதன் உள்ளேயே தெளிவாக இருக்கிறது, அதனால் இரண்டு எச்சரிக்கை மட்டும்.

டேட்டா ரிடென்ஷன் (தரவை எத்தனை காலம் வைத்திருப்பது) என்ற அமைப்பு 2 மாதம் என்று இருக்கும். அதை 14 மாதமாக மாற்றுங்கள். எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் பழைய தரவை அலச இது தேவைப்படும்.

தீமிலும் (தளத்தின் தோற்ற வார்ப்புரு) ப்ளகினிலும் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) ஒரே அனலிட்டிக்ஸ் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒருவர் வந்தது இரண்டு முறை பதிவாகும். திடீரென்று பார்வை இரட்டிப்பானால் கொண்டாடுவதற்கு முன் கூகுள் டேக் அசிஸ்டன்ட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சர்ச் கன்சோலின் க்ளிக்கும் இதன் எண்ணும் ஒன்றாக இருக்காது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களையும் குக்கீக்குச் சம்மதிக்காதவர்களையும் அனலிட்டிக்ஸ் முழுமையாக எண்ணாது. இரண்டையும் ஒப்பிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: இணைப்புக்கு அடையாளம் போடுவது

சமூக ஊடகத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பதிவில் உள்ள மிக முக்கியமான பகுதி இதுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தட்டி வருகிறவர், எங்கிருந்து வந்தார் என்ற தகவல் இல்லாமலேயே வருவார். அனலிட்டிக்ஸ் அவரை டைரக்ட் என்ற கூடையில் போட்டுவிடும். முகவரியைத் தானே தட்டச்சு செய்து வந்தவரும் அதே கூடையில்தான். நீங்கள் வாட்ஸ்அப்பில் பட்ட பாடு எங்கேயும் தெரியாது.

இதற்கான மருந்து யுடிஎம். 2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற மென்பொருளிலிருந்து வந்த பழக்கம் இது. இணைப்பின் கடைசியில் ? குறி போட்டு மூன்று விவரங்களை ஒட்டுகிறோம்: சோர்ஸ் (எந்தத் தளம்), மீடியம் (எந்த வகை வழி), கேம்பெயின் (எந்த முயற்சி). கையால் எழுத வேண்டாம். கூகுளின் கேம்பெயின் யுஆர்எல் பில்டரில் கட்டங்களை நிரப்பினால் இணைப்பு தயார்.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை:

ஆங்கிலச் சிற்றெழுத்தில் மட்டும் எழுதுங்கள். ஃபேஸ்புக் என்பதை ஒருநாள் முதல் எழுத்துப் பெரிதாகவும் மறுநாள் சிறிதாகவும் எழுதினால் அறிக்கையில் அவை இரண்டு தனித்தனித் தளங்கள்.

மீடியத்தில் உங்கள் இஷ்டப்படி எழுதாதீர்கள். சமூக ஊடகம் என்றால் சோஷியல், மின்னஞ்சல் என்றால் ஈமெயில். இவற்றை ஜிஏ4 அடையாளம் கண்டு சரியான பிரிவில் வைக்கும். அதற்குத் தெரியாத சோர்ஸையும் மீடியத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அன்அசைன்ட் என்ற பிரிவில் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

தமிழில் பெயர் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் வேண்டாம். முகவரியில் தமிழ் எழுத்து % குறிகளாக மாறும். ஒரு யூனிகோட் குறிக்கு ஒன்பது எழுத்து ஆகும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள்) 45 எழுத்துக்கு நீண்டுவிடும்.

முகவரியில் ஏற்கெனவே ? இருந்தால் இரண்டாவது ? போடக் கூடாது, & போட வேண்டும். # இருந்தால் யுடிஎம் அதற்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போனால் அனலிட்டிக்ஸ் கண்டுகொள்ளாது. பில்டர் இதைப் பார்த்துக்கொள்ளும், கையால் ஒட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புகளில் யுடிஎம் போடவே கூடாது. தேடலில் வந்தவரின் பூர்வீகத்தை நீங்களே அழித்த மாதிரி ஆகிவிடும்.

போடுவதற்கு முன் இன்காக்னிட்டோ சன்னலில் இணைப்பைத் திறந்து முகவரிப் பட்டியைப் பாருங்கள். பக்கம் திறந்தபிறகும் யுடிஎம் வால் அங்கேயே இருக்கிறதா? சில ரீடைரக்ட் அமைப்புகள் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுபவை) அதை வெட்டிவிடும். வால் இருந்தால் ஜிஏ4 ரியல்டைம் அறிக்கையில் உங்கள் வருகை தெரிகிறதா என்று பாருங்கள். அது கடைசி 30 நிமிடத்தைக் காட்டும்.

எல்லா இணைப்புகளையும் ஒரு கூகுள் ஷீட்டில் எழுதி வையுங்கள்: தேதி, எங்கே போட்டது, முழு இணைப்பு. இதற்கென்று மாதச் சந்தாவில் கருவிகள் விற்கிறார்கள். தனியாள் ஒருவருக்கு ஷீட் போதும் என்பது என் கருத்து.

இணைப்பைச் சுருக்கும் சேவைகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. கூகுளே தன் சுருக்கும் சேவையை 2019இல் மூடியது. இன்னொருவர் டொமைனில் இருக்கும் இணைப்புக்கு ஆயுள் நம் கையில் இல்லை. சுருக்கமாகத்தான் வேண்டும் என்றால் உங்கள் டொமைனிலேயே ஒரு ரீடைரக்ட் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் பயோவுக்குத் தனிப் பக்கம் கட்டித்தரும் சேவைகளும் அப்படித்தான். 2023இலிருந்து பயோவிலேயே ஐந்து இணைப்புகள் வைக்க முடிகிறது.

படி 4: பகிரும்போது தெரியும் படமும் தலைப்பும்

இணைப்பைப் போட்டால் கீழே ஒரு படமும் தலைப்பும் வருகிறதே, அவை பக்கத்தின் நிரலில் எழுதப்படும் ஓப்பன் கிராஃப் குறிகளிலிருந்து வருகின்றன. ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்தது. இப்போது வாட்ஸ்அப், லிங்க்ட்இன் எல்லாம் அதையே படிக்கின்றன. எந்த எஸ்இஓ (தேடலில் மேலே வர உதவும்) ப்ளகினும் இவற்றைச் சேர்த்துவிடும். படம் 1200க்கு 630 பிக்சல் வைத்தால் பிரச்சினை இல்லை. படத்தின் முகவரி முழுமையாக இருக்க வேண்டும், பாதி முகவரி செல்லாது.

படத்தை மாற்றியபிறகும் பழையதே வந்தால் பதற வேண்டாம். முதல் தடவை படித்ததை அந்தத் தளங்கள் சேமித்து வைத்துக்கொள்கின்றன. மெட்டாவின் ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து ஸ்க்ரேப் அகெய்ன் அழுத்துங்கள். லிங்க்ட்இன்னுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டர். அப்போதும் பழைய படமே வந்தால், அதே பெயரில் புதுப் படத்தை ஏற்றியிருப்பீர்கள். கோப்பின் பெயரை மாற்றி ஏற்றினால் தீர்ந்தது. பதிவைப் போடுவதற்கு முன்பே டீபக்கரில் ஒரு முறை ஓட்டுவது என் வழக்கம். போட்டபின் ஓடித் திருத்துவதைவிட அது சுலபம்.

படி 5: எதைப் பற்றி எழுதுவது

கூகுள் ட்ரெண்ட்ஸில் 2004இலிருந்து தேடல் போக்கைப் பார்க்கலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண் எத்தனை பேர் தேடினார்கள் என்பதன் கணக்கு கிடையாது. அந்தக் காலத்தில் உச்சம் எதுவோ அது 100, மற்றதெல்லாம் அதற்கு ஒப்பீடு. தனியாக ஒரு சொல்லைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துக் கொடுத்து ஒப்பிடுங்கள்.

ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்ட் ப்ளானருக்கு கூகுள் ஆட்ஸ் (விளம்பர) கணக்கு வேண்டும். விளம்பரம் ஓட்டாதவர்களுக்குத் துல்லிய எண் தராமல் அகலமான வரம்பாகத்தான் காட்டும். ஆரம்பத்தில் அதுவே போதும். தேடல் பெட்டியில் பாதி தட்டியதும் வரும் பரிந்துரைகளும் நல்ல சரக்கு.

டொமைன் அத்தாரிட்டி என்ற எண்ணை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் விலகிப் போய்விடுங்கள். அது ஒரு தளத்தின் பலத்தை மதிப்பிட மோஸ் என்ற நிறுவனம் கணக்கிடும் எண். கூகுள் தன் வரிசைப்படுத்தலில் அதைப் பயன்படுத்துவதில்லை.

படி 6: பதிவுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்த

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு மெட்டா பிசினஸ் சூட் இலவசம். யூடியூபிலும் லிங்க்ட்இன்னிலும் நேரம் குறித்து வெளியிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் பஃபர் எளிமையானது. அதுபோன்ற ஹூட்சூட் 2023இல் இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது, பழைய பட்டியல்களை நம்பித் தேடாதீர்கள்.

புதுப்பிப்பு: கருத்துகளில் வந்தவை

பிளாக்ஸ்பாட் முகவரியில் எழுதுகிறவர் ஒருவர் டிஎன்எஸ் பக்கமே தனக்கு இல்லையே என்று கேட்டிருந்தார். உண்மைதான், அந்த டொமைன் நம்முடையது இல்லை. அவர்கள் மட்டும் யுஆர்எல் ப்ரீஃபிக்ஸ் வழியையே எடுக்க வேண்டும்.

இன்னொருவருக்கு ஷேரிங் டீபக்கர் 403 (அனுமதி இல்லை) என்று காட்டியிருக்கிறது. தளத்தின் பாதுகாப்பு ப்ளகினோ ஃபயர்வாலோ மெட்டாவின் போட்டை (பக்கத்தைத் தானாக வந்து படிக்கும் நிரல்) தடுக்கிறது என்று அர்த்தம். அதைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு மீண்டும் ஸ்க்ரேப் செய்து பாருங்கள். சரியானால் அந்த போட்டுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்துவிட்டுப் பாதுகாப்பைத் திரும்ப இயக்குங்கள்.

தளத்தின் வேகத்தைச் சோதிக்கும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மதிப்பெண் ஒவ்வொரு முறையும் மாறுகிறதே என்றும் ஒரு கேள்வி. மாறத்தான் செய்யும், அந்த மதிப்பெண் அந்த நேரத்துச் சோதனை. மேலே உண்மையான வாசகர்களின் கடைசி 28 நாள் தரவு இருந்தால் அதைப் பாருங்கள்: எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள், ஐஎன்பி (தட்டினால் பக்கம் பதிலளிக்க ஆகும் நேரம்) 200 மில்லிநொடிக்குள், சிஎல்எஸ் (பக்கம் இடம் மாறிக் குதிக்கும் அளவு) 0.1க்குள் இருந்தால் போதும். வாசகர்கள் குறைவான தளத்துக்கு அந்தப் பகுதி வராது.

பிங் தேடலுக்கு இதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சர்ச் கன்சோலிலிருந்து இறக்குமதி என்ற வழி இருக்கிறது. அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் தளமும் சைட்மேப்பும் தாமாகவே வந்துவிடும், இன்னொரு டெக்ஸ்ட் ரெக்கார்டு தேவையில்லை.