சேலத்துக்காரங்க கடல்ல தூண்டி போடப் போறதுக்கு முன்னாடி

மொதல்ல ஒரு டெஸ்ட் சொல்றேன், பஸ் டிக்கெட் காசு மட்டும்தான் செலவு. ஏற்காடு பஸ்ல ஏறி கடைசி சீட்டுல உக்காருங்க, 20 கொண்டை ஊசி வளைவும் சுத்தி முடிச்சு மேல ஏரிகிட்ட இறங்கறப்ப உடம்பு எப்படி இருக்குன்னு பாருங்க. சூடா ஒரு டீயும் மொளகா பஜ்ஜியும் சாப்பிடலாம்னு தோணுச்சுன்னா தைரியமா கடலுக்குப் போலாம். ஏழாவது வளைவுலயே வாயில எச்சி ஊறி ஜன்னல் பக்கம் நகர ஆரம்பிச்சீங்கன்னா, அப்பவும் போலாம்தான், ஆனா மாத்திரை இல்லாம போவாதீங்க.

நம்ம ஊருக்கு கடல் கெடையாது. தூண்டின்னா நமக்கு மூக்கனேரி கரையில மண்புழு கோத்து ஜிலேபி மீனு புடிக்கறது, கொஞ்சம் பெரிய கைன்னா மேட்டூர் போயி தங்கூசியில மாவு உருண்டை வெச்சு கட்லாவுக்காக நாள் பூரா காத்துக் கெடக்கறது, அவ்ளோதான். டேம் 120 அடி நெறைஞ்சு நிக்கறப்ப பாத்தா கடல் மாதிரிதான் இருக்கும், ஆனா கடல் வேறங்க. டேம்ல நாம ஆடுனாத்தான் பரிசல் ஆடும், கடல்ல நாம செலையா உக்காந்திருந்தாலும் அது ஆட்டிக்கிட்டே இருக்கும். லீவுக்கு பாண்டி, ராமேஸ்வரம், அந்தமான்னு கெளம்பற சொந்தக்காரங்க எல்லாம் "மாமா, தனி போட் எடுத்து மீன் புடிக்கப் போலாம்னு இருக்கோம், எப்படி?"ன்னு போன் போடறாங்க, ஒவ்வொருத்தருக்கா ஒரு மணி நேரம் பேசறதுக்கு ஒரேடியா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நாங்க மொத தடவ போன லட்சணத்தச் சொல்லிடறேன், அதுல இருந்தே பாதி பாடம் வந்துரும். நான், மச்சான், சித்தப்பா, சித்தப்பா பையன், அவன் பிரெண்டு ஒருத்தன், அஞ்சு பேரு. ராத்திரி பதினோரு மணிக்கு சேலத்துல கெளம்பி ஆத்தூர், கள்ளக்குறிச்சி தாண்டி உளுந்தூர்பேட்டையில ஒன்றரை மணிக்கு முட்டை புரோட்டா சாப்பிட்டு, தூங்காம கொள்ளாம விடிகாலையில பாண்டி போயி அப்படியே போட்ல ஏறுனோம். ஏழு மணிக்கெல்லாம் அஞ்சு பேர்ல மூணு பேர் தரையில படுத்தாச்சு, அந்த புரோட்டா கடலுக்குப் போயிடுச்சு, சித்தப்பா "கரைக்கு வுடுங்கப்பா சாமி"ன்னு கையெடுத்துக் கும்புடறாரு. லைப் ஜாக்கெட் மொத்தம் ரெண்டே ரெண்டு, அதும் ஒண்ணுல பக்கிள் இல்ல. காத்து நல்லா வீசிட்டிருந்த நாள், அன்னிக்கு எங்களக் கூட்டிட்டுப் போயிருக்கவே கூடாது, ஆனா போட்காரரு அட்வான்ஸ் வாங்கிட்டாரு, நாங்களும் லீவு போட்டுட்டோம், ரெண்டு பக்கமும் வாயத் தொறக்கல. மீன் ஒண்ணு கூட இல்ல.

அதனால போட் புக் பண்றப்ப நான் இப்ப மொதல்ல கேக்கற கேள்வி ரேட் இல்ல. "அண்ணே, கடைசியா எந்த நாள் கடலுக்குப் போகாம இருந்தீங்க, ஏன்?" இதுதான். நல்ல ஆளுன்னா யோசிக்கவே மாட்டாரு, "செவ்வாக்கெழம வாடைக் காத்து அடிச்சுதுங்க, போகல"ன்னு பட்டுனு சொல்லுவாரு. "நாங்க தெனமும் போவோம் சார், எந்தப் பிரச்சனையும் இல்ல"ன்னு சொன்னாருன்னா நன்றி சொல்லி போன வெச்சிருங்க. நாம குடுக்கற காசு போட்டுக்கோ தூண்டிக்கோ இல்ல, இன்னிக்குப் போலாமா வேணாமான்னு தெரிஞ்ச அந்த ஆளோட கண்ணுக்குத்தான்.

அப்புறம் மத்தது. பெட்ரோல் சேத்தியா தனியா, ஏன்னா இந்த டிரிப்ல செலவே எண்ணெய்தான், கரையில இருந்து எவ்ளோ தூரம் போறோமோ அவ்ளோ ஏறும், அதனால "எத்தனை மணி நேரம்"னு மட்டும் கேக்காம "எவ்ளோ தூரம் போவீங்க"ன்னும் கேளுங்க. தனி போட்டுன்னா முழு போட்டும் நமக்கா, இல்ல காலையில போயிப் பாத்தா வேற நாலு பேரு உக்காந்திருப்பாங்களா. இன்ஜின் ஒண்ணா ரெண்டா, நடுக்கடல்ல ஒண்ணு மக்கர் பண்ணா என்ன பண்ணுவீங்க. வயர்லெஸ் இருக்கா, ஏன்னா கொஞ்ச தூரம் போனாலே செல்போன் டவர் போயிடும். லைப் ஜாக்கெட் தலைக்கு ஒண்ணு இருக்கா, பசங்க வந்தா அவங்க சைஸ்ல இருக்கா, பெரியவங்களுதப் போட்டா கொழந்தை அதுக்குள்ள இருந்து நழுவிடும். போட்டோட நம்பர் என்ன, பதிவு பண்ண போட்டுன்னா பக்கவாட்டுல ஐஎன்டி-டிஎன் இல்லன்னா பாண்டிக்கு ஐஎன்டி-பிஒய்னு ஆரம்பிச்சு எழுதியிருக்கும், வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

இன்னொண்ணு, யாரும் கேக்கக் கூச்சப்படறது. சின்ன பைபர் போட்ல பாத்ரூம் கெடையாது. ஆம்பளைங்க எப்படியோ சமாளிச்சிருவாங்க, வீட்டுப் பொம்பளைங்க வந்தா அஞ்சாறு மணி நேரம் என்ன பண்ணுவாங்க? அவங்க தண்ணியே குடிக்காம வந்து வெயில்ல மயங்கி விழறது எல்லாம் நடக்கும். பேமிலியோட போறதா இருந்தா பாத்ரூம் இருக்கற பெரிய போட் எடுங்க, இல்ல மூணு மணி நேரத்துக்கு மேல புக் பண்ணாதீங்க.

எப்ப போறதுன்னா, பாண்டி சென்னை பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேணாம், மழையும் புயலும் மாறி மாறி வரும். பொங்கல் தாண்டி கடல் அடங்க ஆரம்பிக்கும், ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நல்ல காலம். பசங்க முழுப் பரீட்சை லீவுக்குத்தான் போவோம்னு நெறைய பேரு நெனப்பாங்க, அங்கதான் சிக்கல், கெழக்குக் கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் முட்டை வெக்கற நேரம்னு விசைப்படக எல்லாம் கட்டி வெச்சிருவாங்க. நீங்க எடுக்கற போட்டு தடைக்குள்ள வருதா வரலையான்னு துறைமுகத்துல கேட்டுட்டே காசு குடுங்க. அந்தமானுக்கு டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போலாம், போர்ட் பிளேர்ல, இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு பேரு, தமிழ் பேசற ஆளுங்க நெறைய இருக்காங்க, பாஷைக்கு பயமில்ல. எந்த ஊரா இருந்தாலும் விடியறதுக்கு முன்னாடி கெளம்பற டிரிப்பா பாருங்க, வெயில் ஏற ஏற கரைய நோக்கி கடக்காத்து கெளம்பிடும், மத்தியானம் அலை கொதிக்கும்.

டிரிப்புக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் போடற அலை உயரத்தப் பாருங்க. சின்ன போட்டுக்கு, மொத தடவ போறவங்களுக்கு, ஒரு மீட்டருக்குள்ள இருந்தா நிம்மதி, ஒன்றரைக்கு மேல போச்சுன்னா நான் போவ மாட்டேன். துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருந்தா பேச்சே இல்ல, ரூமுக்குப் போயி தூங்குங்க. கடலோரக் காவல் படை 1554, கடலோரக் காவல் போலீஸ் 1093, ரெண்டையும் சேவ் பண்ணிட்டு, எந்த போட், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுருங்க. ஆதார் ஒரிஜினல் கையில இருக்கட்டும், செக் பண்ணுவாங்க.

முந்துன நாள் மத்தியானமே ஊர் போயி சேந்துரணும். ராத்திரி இட்லி, இடியாப்பம், தயிர் சாதம், இப்படி எதாச்சும், புரோட்டாவ மட்டும் திரும்பி வர்றப்ப வெச்சுக்கங்க, சரக்கும் அப்படித்தான். வாந்தி மாத்திரை போட்ல ஏறி தலை சுத்துனப்புறம் போட்டா வேலைக்கே ஆவாது, ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், தூக்கம் வரும், அதனால எது எவ்ளோன்னு நம்ம ஊரு டாக்டர்கிட்டயே கேட்டு வாங்கிட்டுப் போங்க, பசங்களுக்கும் பிரஷர் சுகர் இருக்கறவங்களுக்கும் கண்டிப்பா கேக்கணும். வெறும் வயித்தோட ஏறாதீங்க, ரெண்டு இட்லியாச்சும் உள்ள போவணும். இஞ்சி மொரப்பா பாக்கெட்ல போட்டுக்கங்க. போட்ல முன்னாடி உக்காராதீங்க, அங்கதான் தூக்கித் தூக்கிப் போடும், நடுவுல இருந்து பின்னாடி வரைக்கும் எங்கயாச்சும், ஆனா இன்ஜின் பொகை மூஞ்சில அடிக்காத எடமா. போன நோண்டாம தூரத்துல வானமும் தண்ணியும் சேர்ற கோட்டப் பாருங்க. அதையும் மீறி வந்துச்சுன்னா காத்து எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமா எடுங்க, எதுத்தாப்ல எடுத்தா என்ன ஆவும்னு மச்சான் சட்டையக் கேளுங்க.

மீன் புடிக்கறதுல மூணு வகை சொல்லுவாங்க. ட்ரோலிங்னா போட் ஓடிட்டே இருக்கும், பின்னாடி பொய் மீனு இழுபட்டுட்டு வரும், நம்ம வேலை மீன் அடிச்சப்புறம்தான், வஞ்சரம், சூரை, சீலா எல்லாம் இதுல கெடைக்கும், பசங்க பெரியவங்க எல்லாரும் செய்யலாம், மொத தடவைக்கு இதுதான். ஜிகிங்னா போட்ட நிறுத்தி நீளமான உலோகப் பொய் மீன நேரா அடிக்கு எறக்கி வெடுக் வெடுக்னு தூக்கறது, அரை மணி நேரத்துல தோள்பட்டை வுட்டுப்போவும். பாப்பிங்னா 100, 150 கிராம் மர மீன தூரமா வீசி தண்ணிய "ப்ளக்"குனு கொப்பளிக்க வெச்சு இழுக்கறது, அந்தமான்ல பெரிய பாரை மீனுக்கு இதத்தான் பண்றாங்க, அதுக்கு உடம்புல தெம்பு வேணும், நான் இருபது தடவ வீசிட்டு உக்காந்துட்டேன், வெக்கமே இல்ல.

தூண்டி, ரீல் எல்லாம் அவங்களே குடுப்பாங்க, ஆன்லைன்ல பாத்துட்டு கம்பு வாங்கறேன்னு காச கரியாக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் புரிஞ்சுட்டுப் போங்க, டிராக். மேட்டூர்ல ஜிலேபி கடிச்சா ஒரே சுண்டு, மீன் கரையில. அந்தப் பழக்கம் இங்க கெடுத்துரும். பெரிய மீனு அடிச்சதும் ஓடும், ரீல் "கிர்ர்ர்"னு கத்திட்டு நரம்ப, அதான் தூண்டிக் கயித்த, வுடும், அத அப்படியே வுடணும். அந்த ரீல் எவ்ளோ இழுத்தா நரம்ப வுடணும்ங்கறதுதான் டிராக், நரம்பு தாங்கற பலத்துல கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும்தான் இறுக்கி வெப்பாங்க, அதாவது 50 பவுண்டு நரம்பு சுமாரா 22 கிலோ தாங்கும்னா ஆறு ஏழு கிலோ இழுப்புலயே அது வுட ஆரம்பிச்சுரும். பதட்டத்துல அதத் திருகி இறுக்குனீங்கன்னா நரம்பு அந்துரும், மீனும் போச்சு. ஓடி முடிச்சு நிக்கறப்ப கம்ப மெதுவா மேல தூக்குங்க, எறக்கறப்ப சுத்துங்க, தூக்கு, எறக்கி சுத்து, கெணத்துல தண்ணி சேந்தற தாளம்தான். கம்ப ரொம்ப நெட்டுக்குத்தா நிமித்துனா நுனி ஒடியும். ஓடற நரம்ப கையால மட்டும் புடிச்சிராதீங்க, பின்னல் நரம்பு வெரல பிளேடு மாதிரி அறுத்துரும். வஞ்சரத்துக்கு பல்லு ரம்பம் மாதிரி, அதனால கொக்கிக்கு மேல கம்பி கட்டியிருப்பாங்க, கொக்கியக் கழட்டற வேலைய போட்காரரே பாத்துக்கட்டும்.

கெளுத்தி, திருக்கை மாதிரி எதாச்சும் முள்ளு குத்திடுச்சுன்னா, தாங்கற அளவு சுடு தண்ணியில அரை மணி, முக்கால் மணி நேரம் முக்கி வெச்சா வலி எறங்கும், அப்புறம் ஆஸ்பத்திரி, அதனால பிளாஸ்க்ல சுடு தண்ணி ஒண்ணு இருக்கட்டும்.

எது மாட்டுனாலும் மேல தூக்கிப் போட்டுக்கலாம்னு இல்ல. கடல் குதிரை, கடல் அட்டை, திமிங்கலச் சுறா, ஆமை இதெல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல வருது, சில சுறா திருக்கையும் உண்டு, சந்தேகம்னா தண்ணியிலயே நரம்ப வெட்டி மீன வுட்டுருங்க. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா, 1986ல இருந்து, "சார் தீவுல எறக்கி வுடறேன்"னு யாராச்சும் ஆசை காட்டுனா எறங்காதீங்க. அந்தமான்ல பெரிய பாரைய போட்டோ எடுத்துட்டு திரும்ப வுட்டுருவாங்க, காசு குடுத்துட்டு மீனயும் வுடறதான்னு சித்தப்பா ஒரு நாள் பூரா பொலம்புனாரு. புடிச்ச மீன் யாருக்குங்கறதையும் கெளம்பறதுக்கு முன்னாடியே பேசிக்கங்க, சில எடத்துல பாதி போட்காரருக்குன்னு வழக்கம் இருக்கும், கரையில வந்து சண்ட போட்டா நல்லாவா இருக்கும்.

ரெண்டாவது தடவ நாங்க போனப்ப, போட்காரரு முந்துன நாள் ராத்திரி எட்டு மணிக்கு அவரே கூப்புட்டாரு, "நாளைக்கு வேணாங்க, வாடை எடுத்திருக்கு, நாளான்னிக்கு பாத்துக்கலாம்". மச்சான் மொறைச்சாரு, ஒரு நாள் ரூம் வாடகை வேஸ்ட்டுன்னு. மறுநாள் பூரா பீச்சுல சுண்டல் தின்னுட்டு சுத்துனோம். அதுக்கு அடுத்த நாள் கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கெடந்துச்சு, ரெண்டு வஞ்சரம், மூணு சீலா, ஒரு சூரை, சித்தப்பா கூட ஒண்ணு இழுத்தாரு.

மீன ஊருக்குக் கொண்டு வர்றது தனி வேலை. சேலம் வர நாலு மணி நேரமாச்சும் ஆவும். சூரை, வஞ்சரம் ரெண்டும் புடிச்ச ஒடனே ஐஸ்ல போயிரணும், வெயில்ல கெடந்தா ஹிஸ்டமின்னு ஒண்ணு ஊறும், அது எவ்ளோ கொதிக்க வெச்சாலும் போவாது, சாப்பிட்டா மூஞ்சி செவந்து தலைவலி, வாந்தி, பேதின்னு அலர்ஜி மாதிரி வரும். அதனால போட்ல ஐஸ் பெட்டி இருக்கான்னு ஏறறதுக்கு முன்னாடியே தொறந்து பாருங்க, வெறும் பெட்டி காட்டி ஏமாத்துவாங்க. கரையில கொடல் எடுத்து கழுவி, தெர்மாகோல் பெட்டியில ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன்னு அடுக்கி, மூடிய டேப் போட்டு ஒட்டுங்க. டிக்கியில பெட்டிக்கு அடியில ஒரு தார்ப்பாய் விரிச்சுருங்க. நாங்க விரிக்கல, கள்ளக்குறிச்சி தாண்டறப்பவே ஐஸ் தண்ணி ஒழுகி சீட்டுக்கு அடியில எறங்கிடுச்சு, மச்சான் வண்டியில இன்னிக்கும் ஏசி போட்டா வாடை அடிக்குது, இது வேற வாடை.