குட்டி ஹோஸ்டாவைத் தொட்டியில் வையுங்கள்

குளிர்நாட்டில் ஹோஸ்டா (இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி) வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'புளூ மவுஸ் இயர்ஸ்' மாதிரி குட்டி ஹோஸ்டாவைப் பெரிய ஹோஸ்டாக்களுக்கு நடுவே நட்டுவிடாதீர்கள். அது ஒரு சாண் உயரம்தான். பெரிய இலைகளுக்கு அடியில் காணாமல் போய்விடும்.

அகலமான, ஆழம் குறைந்த தொட்டியே நல்லது. மண்ணோடு பெர்லைட்டோ (நீர் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்) பொடிக்கல்லோ தாராளமாகக் கலந்து, தண்டும் வேரும் சேரும் இடம் புதையாமல் நடுங்கள். குட்டி ரகங்களைப் பெரும்பாலும் கொல்வது வெயில் அல்ல, அங்கே தேங்கும் ஈரம். காலை வெயில், மதியம் நிழல், அது போதும்.

அப்புறம், பனிக்காலத்தில் பாவம் பார்த்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அதற்குக் குளிர்த் தூக்கம் அவசியம். இலை வாடிக் காய்ந்ததும் சூடேற்றாத கராஜில் வைத்தால் சரி. சென்னையில் முயல்பவர்களுக்கு இது சரிப்படாது.