உயர்மலை ஏரிகளில் தூண்டில் போடச் செல்வோர்க்கு

மரம் வளராத உயரத்தில் இருக்கும் ஏரிக்குத் தூண்டிலோடு புறப்படுகிறவர், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைவிட, எந்த உயரத்தில் இரவு தங்கப் போகிறோம் என்பதையே முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு மலைநோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உபாதை) வரக்கூடும் என்பதால், 3,000 மீட்டருக்கு மேல் தங்குமிடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்திச் செல்வதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவதும் நல்லது. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

எல்லா ஏரியிலும் மீன் இருப்பதில்லை. ஆழமற்ற ஏரியைப் பனிக்கட்டி மாதக்கணக்கில் மூடிக்கிடந்தால், நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடிந்துபோகும். பல உயர்மலை ஏரிகளில் இன்றிருக்கும் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் மனிதர் கொண்டுவந்து விட்டதுதான். ஆகவே மீன்பிடி உரிமம் வாங்கும் இடத்திலேயே எந்த ஏரியில் மீன் விடப்பட்டது என்று கேட்டுக்கொள்ளலாம்.

மீன் நன்றாகக் கடிப்பது விடியலிலும் அந்தியிலும். கோடையில் மலைமேல் இடி இறங்குவது பெரும்பாலும் பிற்பகலில். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பவர், மீன் கடிக்காத நண்பகலில் தூண்டில் போட்டுவிட்டு, மின்னல் வெட்டும் வேளையில் திறந்த மேட்டில் நடந்துகொண்டிருப்பார். மரங்கள் முடியும் எல்லைக்குச் சற்றுக் கீழே கூடாரம் அடித்து, இருட்டோடு எழுந்து ஏறுவதே என் பரிந்துரை. கார்பன் இழைத் தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், இடி கேட்டதும் அதைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்வான இடத்துக்கு நகர வேண்டும்.

தெளிந்த நீரில் நாம் மீனைப் பார்க்கும் முன்பே அது நம்மைப் பார்த்துவிடும். அதனால் கரையிலிருந்து சில அடி பின்வாங்கிக் குனிந்து நின்று, நிழல் நீரில் விழாதபடி, முதல் வீச்சைக் கரையை ஒட்டியே போட வேண்டும். நேரே நடு ஏரிக்கு வீசுகிறவர்கள் காலடியில் மேயும் மீனை விரட்டிவிடுகிறார்கள். ஓடை வந்து விழும் வாயும், வெளிர்பச்சை நீர் சட்டென்று கருநீலமாகும் விளிம்பும் அடுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள். மெல்லிய தூண்டில் நரம்பும், இழுக்கும்போது சுழன்று மின்னும் சிறிய ஸ்பின்னர் என்ற போலி இரையும் போதும். பிடித்த மீனைத் திரும்ப விடும் எண்ணம் இருந்தால், தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியை முன்பே குறடால் நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும்.

சமைப்பதற்கு அங்கே விறகு கிடைக்காது; அடுப்பும் எரிபொருளும் சுமந்தே செல்ல வேண்டும். 4,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் நீரில் வேகும் எதுவும் வேக நேரமாகி எரிபொருளைத் தின்றுவிடும்; மீனை எண்ணெயில் வறுப்பதே சிக்கனம்.